அந்தோணியாரைத் திருப்பிவைத்த கண்டக்டர்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் அந்தக் கண்டக்டரைப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு, காதில் செருகிய பேனா. காணாமல்போனதைத் தேடித் தருபவர் என்று டிரைவர் முன்னால் ஓர் அந்தோணியார் சுரூபம் வைத்திருந்தார். யாராவது எதையாவது தொலைத்தால், கிடைக்கும்வரை புனிதரை ரோட்டைப் பார்க்கத் திருப்பிவைத்துவிடுவார். அதுதான் தண்டனை.

அன்று என் வீட்டுச் சாவியைக் காணவில்லை. பஸ்ஸே குனிந்து தேடியது. அவர் நேரே போய்ச் சுரூபத்தைத் திருப்பினார்.

“புனிதரை இப்படிச் செய்யலாமாண்ணே?” என்றேன்.

“அவுகளுக்குப் பொறுமை ஜாஸ்தி சார். மனுசன் கேக்கலைன்னதும் மீனுக்குப் பிரசங்கம் பண்ணுனாக. அங்கன வீரபாண்டி ஆத்தாவைத் திருப்பிவச்சா நாளைக்கே எனக்கு அம்மை போட்டுரும்!”

சின்னமனூரில் இறங்கச் சாப்பாட்டுப் பையைத் தூக்கினேன். அடியில் சாவி குலுங்கியது. சீட்டுக்கடியில் தேடிய அம்மாள் இன்னும் நிமிரவில்லை. சொல்ல வெட்கப்பட்டு, பேசாமல் இறங்கிவிட்டேன்.

பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடந்தபோது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தோணியார் நேராக என்னைப் பார்த்தார்.

அவரைக் கண்டக்டர் எப்போது மன்னித்தாரோ, தெரியாது. இன்றும் கம்பம் பஸ் எதிரே வந்தால், குடையால் முகத்தை மறைத்துக்கொள்கிறேன்.