லாரி பிரேக்கும் கிணற்று இஞ்சினும்

திருப்பதியில், புத்தூர் போகும் ரோட்டில் நான் இஞ்சின் பட்டறை வைத்திருந்த காலம். சென்னைப் பக்கம் புதுப்புதுத் தொழிற்சாலைகள் வந்து, எங்கள் எல்லையோர ஊர் ஆட்களை பஸ் பஸ்ஸாக அள்ளிக்கொண்டு போயின. மூடிப்போன கம்பெனி ஒன்றின் ஏலத்தில் எனக்கு ஒரு டைனமோமீட்டர் கிடைத்தது. இஞ்சினை அதோடு பூட்டித் தண்ணீர் விட்டால், உள்ளே சுழலும் தண்ணீரே பிரேக் ஆகிச் சுமை கொடுக்கும். இஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று முள் காட்டும். லாரி இஞ்சினுக்கென்று செய்த ராட்சசன் அது.

சத்தியவேட்டுப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி இருவர், கிணற்று டீசல் இஞ்சினை என்னிடம் விட்டிருந்தார்கள். பிஸ்டன் ரிங் மாற்றியாயிற்று, சுமை தாங்குமா என்று பார்ப்பதுதான் பாக்கி. கூலி வேலை செய்தே வளர்ந்தவர்கள், முதன்முதலாகச் சொந்த நிலத்தில் வேர்க்கடலை போட்டிருந்தார்கள். பயிர் தண்ணீருக்குக் காய்ந்துகொண்டிருந்தது. இஞ்சின் தேறாவிட்டால் அப்படியே சென்னைக்கு பஸ் ஏறிவிடுவதென்று அவன் தோளில் பையோடு வந்திருந்தான்.

பூட்டினேன். சும்மா ஓடும்போது ஜம்மென்று ஓடியது. தண்ணீர்க் குழாயை ஒரு நூல் திறந்தேனோ இல்லையோ, மூச்சு முட்டி நின்றது. மறுபடியும் அதே கதை.

"அவ்ளோதான், செத்துப்போச்சி. நான் கெளம்பறேன்" என்று அவன் பையை எடுத்தான்.

"இன்னாய்யா அவசரம்? குந்து!" என்று கத்தினேன். கோபம் அவன்மேல் இல்லை, அந்த ராட்சசன்மேல். புகை சுத்தம், சத்தத்தில் குறையில்லை. புளி நிறுக்கிற தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் என்ன சொல்லும்?

ராட்சசனைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ஜெனரேட்டரைப் பூட்டினேன். அதன் கரண்டை, பிளாஸ்டிக் டிரம் தண்ணீரில் தொங்கவிட்ட இரண்டு இரும்புத் தகடுகளுக்குக் கொடுத்தேன். தண்ணீரில் உப்பு ஏற ஏறக் கரண்ட் அதிகம் இழுக்கும். இஞ்சினுக்குச் சுமையும் ஏறும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இது பழைய வழக்கம்.

"உப்பு நான் போடறேண்ணா" என்றாள் கூட வந்திருந்த பெண்டாட்டி.

"நிறுத்தினப்பறம் போடும்மா! ஓடிக்கினு இருக்கும்போது கை வெச்சே, ஒரே அடிதான்!"

அவள் விரல் நுனியில் எடுத்துத் தூவினாள்.

"கொழம்புக்கா போடறே? அள்ளிப் போடு."

"ஜாஸ்தியாப் போட்டா இதுவும் நின்னுடுமோன்னு பயமா கீதுண்ணா."

அப்புறம் நான் அவளை அதட்டவில்லை.

நிறுத்துவதும், உப்புப் போடுவதும், ஓட்டுவதுமாகச் சுமையை ஏற்றினோம். முழுச் சுமையில் இஞ்சினின் குரல் கனத்தது. டிரம்மில் ஆவி கிளம்பியது. இஞ்சின் நிற்கவில்லை. அவள் இஞ்சினைப் பார்க்கவேயில்லை, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெம்போவில் ஏற்றும்போது, அடியில் போட ஒரு சாக்கு கேட்டேன். அவன் பையைப் பிரித்து, சென்னைக்கென்று மடித்து வைத்திருந்த போர்வையை உருவி விரித்தான்.

"ஐயோ, புதுசு! ஆயில் ஆயிடும்" என்று அவள் பதறினாள்.

"ஆவட்டுமே" என்றான்.