தள்ளிவிட்டால் ஓடும் டாட்ஜ்

முனியராஜின் வேலையை நம்பி வண்டியை விடலாம், அவன் சொல்லும் நாளை நம்பி விடக்கூடாது. தாயில்பட்டி விலக்கில் அவன் ஷெட்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவன் நான்; இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நாளைக்குத் தருகிறேன் என்பான். அடுத்த வாரம் போனாலும் வண்டி வைத்த இடத்திலேயே நிற்கும். அவனோ தன் பழைய பிளஷர் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பான்.

அந்த பிளஷர் ஒரு பழங்காலத்து அமெரிக்க டாட்ஜ். எம். புதுப்பட்டி கண்ணுச்சாமி வீட்டு மாட்டுக்கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை, டிராக்டர் வேலை பார்த்த கூலிக்குப் பதிலாக இழுத்து வந்திருந்தான். இரும்பை வாரியிறைத்துச் செய்த வண்டி. அதன் கதவை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. அதைச் சென்னைப் பக்கம் நடக்கும் கால் மைல் பந்தயத்தில் ஓட்டப்போவதாக 2004இல் அவன் சொன்னபோது கடைத்தெருவே சிரித்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர் ரோட்டில் கால் மைலை யார் முதலில் கடக்கிறார்கள் என்பதுதான் பந்தயம். பழைய, கனத்த வண்டிகளுக்கு அதில் தனிப் பிரிவு உண்டாம்.

சிரிக்காத ஒரே ஆள் அவன் மனைவி ராமுத்தாய். அவளும் என் மனைவி கருப்பம்மாளும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை பார்த்தார்கள். ராமுத்தாய் சம்பளத்தில் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவன் சம்பாத்தியத்தை டாட்ஜ் தின்றது. அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டிக்கொண்டே வண்டிக்கு அடியில் கிடப்பவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள்.

முதல் யோசனை இன்ஜினைப் பற்றி. டாட்ஜின் சொந்தப் பெட்ரோல் இன்ஜின் சத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் கிழடாகியிருந்தது. பின்னால் வந்த அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினைப் போடு என்றார்கள். எடை குறைவு, சீறிக்கொண்டு போகும். ஆனால் ஓட்டம் ஏறிய பிறகுதான் அதற்குத் தெம்பு. இவ்வளவு கனத்தை நின்ற இடத்திலிருந்து பெயர்த்து எடுக்காது. லாரி இன்ஜின் பெயர்த்துவிடும், ஆனால் அதன் பாரத்தில் வண்டியின் முன்பக்கம் தரையில் படுத்துவிடும். கடைசியில் விபத்தில் நொறுங்கிய ஒரு மஸ்தா வேனின் டீசல் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் பிடித்து வந்து, இழுவையைக் கூட்டப் பழைய டர்போ ஒன்றையும் மாட்டினான். பந்தயத்துக்கு யாராவது டீசல் போடுவார்களா என்று கேட்டேன். கிளட்சை விட்டதும் இழுக்கணும், அம்புட்டுத்தான் என்றான்.

இழுக்கத்தான் செய்தது. முதல் நாளே டாட்ஜின் பின் அச்சு ஒடிந்து வண்டி நடுரோட்டில் உட்கார்ந்தது. அந்த வேனின் பின் அச்சையே வெட்டி, அளவுக்குக் குறுக்கிப் பொருத்தினான். உள்ளே போடும் கிரவுன் பல்சக்கரத்தில் இரண்டு வகை கையில் இருந்தன. ஒன்று பாரம் இழுக்க, மற்றது நீண்ட ரோட்டில் ஓட. அவன் இழுவைக்கு உள்ளதைப் போட்டான். கிளம்பும்போது பாய்ச்சல் இருக்கும், எண்பதைத் தாண்டினால் இன்ஜின் கதறும். கால் மைலுக்கு அது போதும்.

பிறகு எடையில் கை வைத்தான். பின் சீட், ஸ்டெப்னி, சைலன்சர் எல்லாம் இறங்கின. கடைசியாகப் பேட்டரியும் வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும் இறங்கின. டீசல் இன்ஜின் ஒருதரம் பிடித்துவிட்டால் கரண்ட் கேட்காது, தள்ளிவிட ஊரில் ஆளா இல்லை என்பது அவன் கணக்கு. காலையில் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்பவர்கள் கேலி பேசிக்கொண்டே தள்ளிவிடுவார்கள். வெறும் குழாய் வழியே தீப்பொறி பறக்க டாட்ஜ் கிளம்பும். தள்ளுவண்டி என்று பேர் வைத்தோம். 2005இல் அந்தத் தள்ளுவண்டி சென்னைக்குப் போய் இரண்டாம் பரிசு வாங்கி வந்தது. அந்தக் கோப்பையை ராமுத்தாய் ஒரு மாதத்துக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள்.

மறு வருஷம் முதலிடம் அவனுக்குத்தான் என்று எல்லாரும் நம்பினோம். ஆடி மாதம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு மதியம் அவர்கள் கம்பெனிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வந்து என் கடைத் தகரம் அதிர்ந்தது. கம்பெனி வேன் லோடு ஏற்றிக்கொண்டு சாத்தூருக்குப் போயிருந்தது. பக்கத்தில் ஓடும் நிலையில் இருந்தது டாட்ஜ் மட்டுமே. நாலு பேர் தள்ளிவிட, ஓடும்போதே நானும் தொற்றிக்கொண்டேன்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே முனியராஜ் இன்ஜினை நிறுத்தினான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. மருந்து இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற இன்ஜினோடு யாரும் போகமாட்டோம். உள்ளே ஒரு அறை தரைமட்டமாகிக் கிடந்தது. அடுத்த அறையில் கருப்பம்மாளும் மற்றப் பெண்களும் கலந்து வைத்த மருந்துக்கு நடுவே, அசையப் பயந்து நின்றிருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தோம். முனியராஜ் உடம்பெல்லாம் வெந்த ராமுத்தாயை வாழை இலையில் ஏந்தி வந்து, பின் சீட் இல்லாத தகரத்தில் கிடத்தினான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தள்ள ஆள் இல்லை. தெம்புள்ளவர்கள் அடிபட்டவர்களைச் சுமந்துகொண்டிருந்தார்கள், மற்றவர்கள் காட்டுக்குள் ஓடியிருந்தார்கள். நானும் வாட்ச்மேனும் இரண்டு பெண்களும் தள்ளினோம். கரிசல் மண்ணில் அந்தக் கனம் நகரவே இல்லை. நகர்ந்தபோது இன்ஜின் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முனியராஜ் வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். காட்டுக்குள் போனவர்கள் திரும்பி வந்து கை கொடுத்த பிறகே வண்டி கிளம்பியது. சிவகாசி ஆஸ்பத்திரியில் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்த நீண்ட ரோட்டில் பஸ்ஸெல்லாம் டாட்ஜை முந்திப் போனதாம். மறுநாள் மதுரையில் ராமுத்தாய் இறந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? கேட்டில் இன்ஜினை ஓடவிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அவன் காதுபடவே பேசினார்கள். பேட்டரி, செல்ஃப், சைலன்சர் எல்லாம் திரும்ப ஏறின. கிரவுனையும் ஓட்டத்துக்கு உள்ளதாக மாற்றினான். பந்தயத்துக்கு அதன் பிறகு போகவில்லை. எங்கே வெடித்தாலும் டாட்ஜ் முதலில் போய் நின்றது, யாரிடமும் டீசல் காசுகூட வாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு வெளியே இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனான்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே முனியராஜ், இப்பத்தான் சைலன்சர் இருக்குல்ல. ஓடவிட்டா என்னலே? ஒரு நிமிசம் மிச்சமாகும்ல.”

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“அன்னைக்கு மதுரைக்குப் போகையில திருத்தங்கல் ரயில்வே கேட் பூட்டிக் கெடந்துச்சுண்ணே. நிக்கையில ராமுத்தாய் கண்ணத் தொறந்தா. தண்ணி கேப்பான்னு குனிஞ்சேன். ‘வெளியவே ஆஃப் பண்ணிட்டுத்தான வந்தீக? பக்கத்து ரூம்ல கருப்பம்மாக்கா இருந்துச்சு’ன்னா. ஆமான்னேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டா.”

நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கருப்பம்மாள் வட்டிலில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஏன் பேயறைந்த மாதிரி இருக்கீக என்று கேட்டாள். அவளை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.