வைஜெயந்தியின் மதியத் தூக்கம்

உப்பளத்துக்காரர்களுக்கு மதியம்தான் ராத்திரி. இது தெரியாத சொந்தக்காரர்கள் உச்சி வெயிலில் வந்து கதவைத் தட்டி, "இன்னா, இந்நேரத்துல தூக்கம்?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி, கூடையில் சுமந்து கரையேற்றி வந்த உடம்பு அது. சோற்றைத் தின்றுவிட்டுப் பாயில் விழுந்தால் குறட்டைதான். ஃபேன் அனலைத்தான் வீசும், தகரக் கூரை தோசைக்கல்லாகக் காயும், யாருக்கு அதெல்லாம் தெரிகிறது? பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெரு மொத்தமும் மதியத்தில் தூங்கும்.

வைஜெயந்தி மட்டும் தூங்க மாட்டாள். பாயில் படுப்பாள், புரளுவாள், எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள், திரும்ப வந்து படுப்பாள். பக்கத்தில் அவள் புருஷன் அசோகன் லாரி மேடு ஏறுகிற மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். சில நாள் ஆத்திரம் தாங்காமல் ஒரு உதை விடுவாள். அவன் "ம்ம்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடருவான். கொடுத்து வைத்த மனுஷன்.

இது எட்டு வருஷத்துக் கதை. மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பார்களே, அதை இந்தத் தெரு கண்ணாலேயே பார்த்த வருஷம் ஒன்று உண்டு. அஞ்சாறு வீடுகள் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்த உப்பளம். கரையில் மலை மலையாகக் குவித்திருந்தார்கள். ஒரு மதியம் எல்லாரும் தூங்கும்போது கோடை மழை கொட்டித் தீர்த்துவிட்டது. எழுந்து ஓடிப் பார்த்தால் பாதிக் குவியல் தண்ணீராய் ஓடிக் கழுவெளி உப்பங்கழியில் கலந்திருந்தது. வந்த இடத்துக்கே போய்விட்டது உப்பு.

அதற்கு அடுத்த மழையை முதலில் மோப்பம் பிடித்தவள் வைஜெயந்தி. ஒரு துளி விழுமுன்னே, எங்கோ தூரத்தில் மண் நனைகிற வாசனை காற்றில் வந்ததும் எழுந்து, தெரு முனையில் தொங்கும் தகர டின்னைக் கட்டையால் அடித்தாள். அந்த டின் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும், பாதிச் சோற்றில் இருந்தாலும், தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓட வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். அன்றைக்கு ஏதோ ஒரு மூலை கரைந்ததோடு சரி. கூட்டுக்குத் தலைவர் மாதிரி இருந்த தேவநாதன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "வைஜெயந்தி மூக்கு இருக்கிற வரைக்கும் நமக்கு இன்னா கவலை?"

பாராட்டுத்தான். அவளுக்கும் அன்றைக்கு மனசு குளிர்ந்துதான் போயிற்று. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் ஒருத்தி விழித்திருந்தாள், மற்றவர்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கினார்கள். போனில் மழை எச்சரிக்கை வராதா என்று கேட்பீர்கள். வரும். திண்டிவனத்தில் பெய்கிற மழையை மரக்காணத்தில் என்று சொல்லும், மரக்காணத்தில் பெய்யும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும். போனைவிட அவள் மூக்கு மேல் என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

எத்தனை காலம் தாங்கும் உடம்பு? இந்த வருஷம் பங்குனியில், தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடக்கும்போதே கண் சொக்கிப் பாத்திக்குள் விழுந்தாள். முழங்காலில் தோல் கிழிந்து, அதில் உப்புத் தண்ணீர் பட்டு, அவள் போட்ட கூச்சலில் நாரைகள் எழுந்து பறந்தன. அடுத்த வாரமே மறுபடியும் விழுந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது என்று மாத்திரை கொடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்குகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். வைஜெயந்தி சிரித்துவிட்டாள்.

தேவநாதன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் இந்த வருஷம் நீ வீட்டிலேயே இரு, யாராவது கேட்டால் நாங்கள் பதில் சொல்ல முடியாது என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், ஆனால் அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உப்பு வாருவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் கரையில் ஆள் கிடையாது. பாத்தி அடியில் இருக்கிற சேறு கலங்காமல், மேலே பூத்த உப்பை மட்டும் வெள்ளை வெளேரென்று பலகையால் இழுத்து வருவாள். அவளைப் போய் வீட்டில் உட்காரச் சொன்னால்? தூங்கினால் உப்பளம், தூங்காவிட்டால் வீடு என்று ஆகிவிட்டது நிலைமை. தூக்கம் என்ன, கடையில் விற்கிற பொருளா?

விற்கிறார்கள் என்றாள் ரேணுகா. ரேணுகா அசோகனின் தங்கை, வைஜெயந்திக்கு நாத்தனார். இரும்பை கிராமத்துப் பக்கம் வாசனை எண்ணெய் தயாரிக்கிற ஓர் இடத்தில் குப்பிகளில் அடைக்கிற வேலை. நாத்தனார் என்றாலும் இரண்டு பேருக்கும் நகமும் சதையும் மாதிரி ஒட்டு. வெளிநாட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களும் தூக்கம் வருவதற்கென்றே வந்து வாங்கிப் போகிறார்கள் என்று சொல்லி, விரல் நீளத்துக்கு ஒரு குப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். வெட்டிவேர் எண்ணெய். உடம்புக்குக் குளிர்ச்சி, மனசுக்கு அமைதி, அங்கே அதிகம் போவதே இதுதானாம்.

"அண்ணி, உப்பளத்து வழக்கப்படி இத உள்ளங்கால்ல தேச்சிடாதீங்க. ரொம்பக் காரம், புண்ணுல பட்டா எரியும். பஞ்சுல ரெண்டு சொட்டு விட்டுத் தலமாட்டுல வச்சிக்கங்க, போதும்" என்று எச்சரித்தாள். உப்புத் தண்ணீர் அரிக்காமல் இருக்கக் காலில் எண்ணெய் பூசிக்கொண்டு பாத்தியில் இறங்குகிறவர்கள் இவர்கள். எண்ணெய் என்றாலே கால்தான் முதலில் நீளும்.

வைஜெயந்தி சொன்னபடி செய்தாள். நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் என்ன ஆச்சரியம், அந்த மதியம் அசந்து தூங்கிப் போனாள்! அசோகன் தன் குறட்டைக்குத் துணைக்குரல் கேட்டு விழித்துப் பார்த்து, பொண்டாட்டிதான் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டு மறுபடியும் படுத்தான்.

அவன் சந்தோஷம் நெடுநேரம் நிலைக்கவில்லை. வைஜெயந்தி திடுதிப்பென்று எழுந்தாள். தலைவிரி கோலமாகத் தெரு முனைக்கு ஓடினாள். கட்டையை எடுத்து டின்னை அடி அடியென்று அடித்தாள். "மழ வருது! ஓடியாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டும் புடவையைச் செருகிக்கொண்டும் தார்ப்பாய்களோடு ஓடியது. உப்பளத்துக்குப் போய் மூச்சிரைக்க நின்றார்கள். மேலே பார்த்தார்கள். வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு அளவுக்குக்கூட மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. உப்புக் குவியல்கள் கண் கூசும்படி பளபளவென்று நின்றன.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ரேணுகா அன்று லீவில் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள், அவளும் கூட ஓடி வந்திருந்தாள். அண்ணியின் தலைமுடியை முகர்ந்து பார்த்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெட்டிவேர் வாசனை வேறென்ன? நனைந்த மண்ணின் வாசனைதான். ஊர் உலகம் எல்லாம் அந்த வாசனையில் சொக்கித் தூங்கும். உப்பளத்துக்காரிக்கு அது டின்னை அடிக்கச் சொல்கிற வாசனை. மழை வாசனையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தி தூங்கினால் வேறென்ன நடக்கும்?

விஷயம் தெரிந்ததும் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு எல்லாருமே சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்கள். அசோகனும் சிரித்தான். தேவநாதன் மட்டும் எரிச்சலோடு, இதற்குத்தான் வீட்டில் இரு என்று சொன்னேன் என்று ஆரம்பித்தார்.

வைஜெயந்திக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சிரிங்க. நல்லா சிரிங்க. எட்டு வருசமா உங்க எல்லாருக்கும் சேத்து நான் ஒருத்தி முழிச்சிக்கினு கெடக்குறேன். கண்ணு அசந்தாக்கூட என் மூக்கு வேலைக்கிப் போவுது. பாத்தி உங்களுது, உப்பு உங்களுது, தூக்கம் உங்களுது. மழ மட்டும் எனக்கா தேவநாதண்ணே?"

சிரிப்பு அடங்கிப் போனது. வெயிலில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதானே? அவள் தூங்காமல் இருக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாருக்காகத் தூங்காமல் இருக்கிறாள் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. தேவநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார், தொண்டையைச் செருமினார், பிறகு எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "நாளையிலருந்து மொற போட்டுக்கலாம். ஒரு நாளைக்கி ஒரு வீடு முழிச்சிருக்கும். மொத நாளு என் வீடு."

அடுத்த நாள் எங்கள் வீடு என்று அசோகன் கை தூக்கினான். நீ முழிச்சிக் கிழிச்ச என்பது போல வைஜெயந்தி அவனைப் பார்த்தாள்.

ரேணுகா அடுத்த முறை வந்தபோது வேறு குப்பி. லாவண்டர். வைஜெயந்தி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பணக்கார வீட்டுப் புடவை பீரோவைத் திறந்த மாதிரி இருக்கிறது, இந்த வாசனைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள்.

"ஒரு சம்பந்தமும் இல்ல அண்ணி. அதுக்குத்தான் கொண்டாந்தேன். இந்த வாசனைக்கி உப்பளத்துல ஒரு வேலையும் கெடையாது. இது உங்கள எங்கியும் ஓடச் சொல்லாது" என்றாள் ரேணுகா.

பஞ்சில் இரண்டு சொட்டு. கூடவே தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கலந்து பிடரியில் கொஞ்சம். ஆனால் எண்ணெய் என்ன மாயமா மந்திரமா, முதல் நாளே பலிப்பதற்கு? தூக்கம் எட்டிப் பார்க்கும், இவள் கண்ணைத் திறந்து வாசலைப் பார்ப்பாள், அது ஓடிவிடும். முறைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று எழுந்து போய் வேவு பார்ப்பாள். தேவநாதன் கடமை தவறாமல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். அசோகன் முறை வந்த நாளில் இவளுக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. போய்ப் பார்த்தால், மனுஷன் தூக்கம் வந்துவிடுமோ என்று பயந்து நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு, தலையில் ஈரத் துண்டோடு நின்றுகொண்டே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. உள்ளே வந்து படுத்தாள். அந்தப் பீரோ வாசனை மூக்கில் ஏறியது. அன்றைக்குக் கொஞ்சம் தூங்கினாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் அவளோடு பழகிவிட்டது. பஞ்சைத் தலைமாட்டில் வைத்தால் போதும், இனி உனக்கு வேலை இல்லை என்று மூக்குக்குத் தெரிந்துவிடும், கண்ணும் கூடவே மூடிக்கொள்ளும். சித்திரை முடிவதற்குள் முகமே மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே என்றார்கள். வரப்பில் தலையில் கூடையோடு அவள் போகிற வேகத்துக்கு வாலிபப் பிள்ளைகள் வழி விட்டார்கள். வீட்டில் இரு என்ற பேச்சைத் தேவநாதன் மறுபடியும் எடுக்கவே இல்லை. பக்கத்து உப்பளத்துக்காரர்கள் அந்தக் கூட்டின் உப்பைப் பார்த்து, இவ்வளவு வெள்ளையாக வாரியது யார் என்று கேட்டால், அவளைக் காட்டுவார்.

வைகாசியில் ஒரு மதியம். அசோகன் முறை. காற்று திடீரென்று திசை மாறியது, தெற்கே வானம் கறுத்தது. அசோகன் டின்னுக்குப் பக்கத்தில் போய்க் கட்டையை ஓங்கியவன், அப்படியே நிறுத்திக்கொண்டான். கட்டையைக் கீழே போட்டுவிட்டு வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டி, குரலைத் தாழ்த்தி எழுப்பினான். தார்ப்பாய்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது யாரோ வைஜெயந்தியைக் கூப்பிடப் போனார்கள். தேவநாதன் கையை நீட்டித் தடுத்தார். "எழுப்பாதீங்க. தூங்கட்டும்."

அவள் விழித்தபோது மழை விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வாசல் மண் ஈரம். ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

உப்பளத்தில் எல்லாரும் இருந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்து, சேறு பூசிக்கொண்டு, யாரோ வாங்கிவந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் இருந்த அத்தனை குவியலும் தார்ப்பாய்க்குள் இருந்தன. ஒவ்வொரு குவியலாகப் போனாள், தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். காய்ந்த உப்பு. அடுத்ததிலும் காய்ந்த உப்பு. கடைசிக் குவியலின் அடிவாரம்கூட நனையவில்லை. அவள் முழித்திருந்த வருஷங்களில்கூட ஏதோ ஒரு மூலை கரையாமல் இருந்ததில்லை.

"ஒரு தொளிகூட உள்ள போவல. நான் பாத்தேன்ல?" என்றான் அசோகன். மூக்கிலிருந்து மழைத் தண்ணீர் ஒழுகியது. ஊரையே ஜெயித்துவிட்ட ராஜா மாதிரி நின்றான்.

வைஜெயந்தி அவனைப் பார்த்தாள். தேவநாதனைப் பார்த்தாள். சேற்றோடு நிற்கும் அத்தனை பேரையும் பார்த்தாள். இத்தனை பேர் ஓடியிருக்கிறார்கள், தட்டியிருக்கிறார்கள், இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், மழை கூரையில் அடித்திருக்கிறது, அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து அசோகன் பக்கத்தில் போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கையிலிருந்த டீயைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள்.

"அப்ப நாளைக்கும் நான் தூங்குவேன்" என்றாள், அந்தக் கரை முழுக்கக் கேட்கும்படி.