டிவி சத்தம் கேட்காத பகல்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் மட்டும்தான். அதற்கு முன் அவர் சிம்பாங் பூலாயில் குவாரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வலது கையும் காலும் சுரணை இழந்தன, பேச்சு குழறிப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போய் வருவார், அவ்வளவுதான். நான் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் புந்தோங் வீட்டில் அவர் தனியாக இருப்பார். டிவி காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் அதிகமாகவே வைத்திருப்பார், விளம்பரம் வந்தால் சேனலை மாற்றுவார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அக்கா ஒருநாளும் குறை சொன்னதில்லை.

செலவைக் குறைக்க வழி தேடியபோது, கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகள்தான் மாதக் கட்டணம் கட்டும் டிவி இணைப்பை நிறுத்தச் சொன்னாள்.

"இப்ப யாரும்மா அதெல்லாம் கட்டுறா? நீங்க பாக்காத சேனலுக்கெல்லாம் சேத்து காசு போகுது. இன்டர்நெட்லயே எல்லாம் வருது லா. பாதி மிச்சம்."

தீபாவளி விடுமுறைக்கு வந்தவள் பழைய இணைப்புப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, சின்ன ரிமோட்டோடு வந்த ஒரு கருவியை டிவியில் செருகி ஸ்டிரீமிங் செயலிகளை ஏற்றிக் கொடுத்தாள். தமிழ் நாடகம் ஒன்று முடிந்தால் அடுத்த பாகம் தானாகவே வந்தது. அடுத்த மாதத்துப் பில்லைப் பார்த்து எனக்கு மனசு லேசானது. அவரிடம், "நல்ல வேலை செஞ்சா உங்க மக" என்றேன். இடது பக்கம் மட்டும் சிரித்தார்.

ஒரு விஷயம் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ரிமோட்டைத் தொடாமல் சில பாகங்கள் ஓடினால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று அது கேட்கும். பதில் அழுத்தாவிட்டால் அப்படியே நின்றுவிடும். புது ரிமோட் விரல் நீளம்தான், அவர் இடது கைக்கு அது பிடிபடவில்லை.

முதல் முறை நின்றபோது அக்கா பதறிப்போய் எங்கள் வீட்டு ஜன்னலைத் தட்டியிருக்கிறார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, திடீர்னு சத்தமே இல்ல, நான் பயந்துட்டேன். எட்டிப் பாத்தா உக்காந்து கைய ஆட்டுறாரு!"

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கப்புறம் அது அடிக்கடி நின்றது. அக்கா வந்து பார்ப்பதை விட்டுவிட்டார். நானும் வரவேண்டாம் என்றுதான் சொன்னேன்.

தொழிற்சாலையில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில்தான் எடுக்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளியலறையில் இருப்பார் என்று நினைத்தேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"டிவி சத்தம் கேக்குதாக்கா?"

"காலையிலேயே நின்னுருச்சே. எப்பவும் நிக்கிறதுதானேன்னு இருந்துட்டேன்."

காலையிலேயே. பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். அக்காவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அக்காவே கூப்பிட்டார். நாற்காலியில் ஆள் இல்லை, கூப்பிட்டால் பதில் இல்லை, வாசல் கிரில் கதவு பூட்டியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்த மலாய் சூப்பர்வைசர், "பாலேக் லா, செப்பாட்!" என்று வாசலைக் காட்டினார். சீக்கிரம் வீட்டுக்குப் போ என்றார்.

மோட்டாரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. மழை ஹெல்மெட் கண்ணாடியில் அடித்து வழியை மறைத்தது. லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவர் தரையில் கிடப்பது போலவும், கண் திறந்திருப்பது போலவும், மூடியிருப்பது போலவும் மாறி மாறித் தெரிந்தது. மூடியிருந்தால் என்ன செய்வது, திறந்தபடியே அசையாமல் இருந்தால் என்ன செய்வது என்று சத்தமாகவே பேசிக்கொண்டு போனேன். எங்கள் சந்தில் நுழைந்தபோது வீட்டுக்கு வீடு மதிய நாடகம் ஓடியது, அதில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை.

பூட்டில் சாவி நுழையவே மாட்டேன் என்றது. அக்காதான் என் கையைப் பிடித்து அமுக்கித் திறக்கவைத்தார். டிவித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்ற கேள்வி அதில் அப்படியே நின்றது.

குளியலறையில் வலது பக்கமாக விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. அது மெல்ல என் மேல் திரும்பியது. இடது கையில் தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் குவளை. அதன் ஓரம் உடைந்திருந்தது. அதைக் கொண்டுதான் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கா அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"துணி மெஷின் ஓடுச்சு தங்கச்சி. அதோட சத்தம்னுல்ல நெனச்சேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பில் விரிசல், உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. இன்னும் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார், நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வார்டில் இரண்டாம் நாள், மறுபடி அந்தப் பழைய டிவியையே போட்டுவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் பேச ஆரம்பித்தால் வார்த்தை வார்த்தையாகத்தான் வரும். குனிந்து கேட்டேன்.

"நான்... டிவி... பாக்கல. சத்தம்... மாறுனா... அக்காவுக்கு... தெரியும். உயிரோட இருக்கேன்னு."

இத்தனை நாளும் அவர் நாடகத்தை ரசிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். தனியாக விழுந்து கிடப்போமோ என்ற பயத்தில்தான் அதை அலறவிட்டிருக்கிறார். ஸ்டிரீமிங் வந்து அது நிற்கத் தொடங்கிய ஒவ்வொரு பகலிலும், நாற்காலியை விட்டு எழவே பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க சொல்லல?"

"மிச்சமாகுதுன்னு... நீ சந்தோஷமா... இருந்த."

பழைய டிவி வேண்டாம் என்றார். அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தால் போதும் என்றார். கொடுத்தோம். இப்போது காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அக்கா கிரில்லைத் திறந்து உள்ளே வந்து அவரோடு கோப்பி குடிக்கிறார். நான் இன்னும் இடைவேளை மணி அடித்ததும் லாக்கருக்குத்தான் ஓடுகிறேன். அவர் "ம்" என்று போனில் சொன்ன பிறகுதான் சோறு இறங்கும்.

போன வாரம் நான் கூப்பிடுவதற்கு முன் அவரே கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அக்கா... இன்னும்... வரல" என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம்தான்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கிறவரை நின்ற இடத்திலேயே நின்றேன். அக்காவுக்குப் பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

"மீன் வாங்கிட்டு வாரேன் லா, என்னா அவசரம்?" என்றார்.