தலை பிடிக்க ஓர் ஆள்

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷம் அது. லாயாங் லாயாங் என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தங்கராஜுதான் மருந்து கொடுக்கிற டிரெசர். காய்ச்சல், புண், பிரசவம் எல்லாம் அவன் தலையில். பல்லும் அவன்தான் பிடுங்க வேண்டும். பெரிய டாக்டர் எப்போதாவது வருவார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

பல் பிடுங்க இரண்டு பேர் வேண்டும். குறடு பிடிக்க ஒருவன், தலை பிடிக்க ஒருவன். தலை பிடிக்கிறவன் அர்ச்சுனன். பின்னால் நின்று ஒரு தலையை நெஞ்சோடு அணைத்தான் என்றால் எருமைகூட அசையாது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற நாளில் ஒருத்தனும் பல் வலி என்று வரமாட்டான். வந்தால் அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழாது, கூலி கிடையாது. கிராம்பைக் கடித்துக்கொண்டு மரத்துக்குப் போய்விடுவார்கள். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. அன்றைக்குப் பார்க்க வேண்டும், வீங்கின தாடைகளோடு வாசலில் நிற்கிற கூட்டத்தை.

ஆள் குறைக்க வேண்டுமாம். எவனுக்கு எவ்வளவு வேலை என்று அளந்து பார்க்க, கம்பெனி சிங்கப்பூரிலிருந்து ஒரு துரையை அனுப்பியது. மழை பெய்தால் செம்மண் ரோட்டில் கார் புதைந்துவிடும். அதனால் அவன் வந்ததெல்லாம் நல்ல வெயிலில். வந்தபோதெல்லாம் பெஞ்சு காலி. அர்ச்சுனன் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

“இவனுக்கு என்ன வேலை?”

“தலை புடிக்கிறது தொரை.”

“எந்தத் தலை?” துரை காலிப் பெஞ்சைக் காட்டிச் சிரித்தான்.

“மழையன்னிக்கு வந்து பாருங்க தொரை” என்றான் தங்கராஜு.

“மழையில் கார் எப்படி வரும்?” என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டான். மறுவாரமே அர்ச்சுனனைப் பால் வெட்ட மரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மழையில் கருப்பாயி வந்தாள். கடைவாய்ப் பல். கூட்டத்தில் நின்ற ஒருவனைத் தலை பிடிக்கச் சொன்னான் தங்கராஜு. ரத்தத்தைக் கண்டதும் அவன் கையை விட்டுவிட்டான். குறடு வழுக்கி அவள் கன்னத்தை உள்ளே கிழித்தது. பல் பாதியில் ஒடிந்தது.

“உங்களச் சொல்லல டிரெசரய்யா” என்றாள் கருப்பாயி, துணியை வாயில் அழுத்தியபடி. “அர்ச்சுனன எவன் தூக்குனான்? அவன் வாயில வைக்கணும் இந்தக் கொறட்ட.”

ரத்தம் பட்ட சட்டையோடு தங்கராஜு நேரே ஆபீசுக்குப் போனான். தோட்டத்து மானேஜர் துரை பொறுமையாகத்தான் கேட்டார்.

“சரி. மழையில் அர்ச்சுனன் வீட்டில் சும்மாதானே இருப்பான்? வந்து தலை பிடிக்கட்டும்.”

“பேர் போடுவீங்களா தொரை?”

“மழை நாளில் யாருக்குப் பேர் போடுகிறோம்?”

“வெயில்ல தாடை வீங்குனா?”

“மழை வரட்டும்.”

தங்கராஜு சலாம் வைக்காமலே திரும்பிவிட்டான்.

அந்த வாரம் மழையே இல்லை. வேலுவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு கண் மூடுகிற அளவுக்கு வீக்கம், உள்ளே சீழ். அவனைப் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு, குறட்டைக் கையில் பிடித்தபடியே மரக்காட்டுக்குள் நடந்தான் தங்கராஜு.

“அர்ச்சுனா, கத்தியக் கீழ வை. வா.”

“எம்பேரு போயிருமே அய்யா” என்றான் அர்ச்சுனன்.

பேர் போடுகிற கங்காணி ஐயாசாமி குறுக்கே வந்தான். “எங்க டிரெசரே இழுத்துட்டுப் போறீங்க? இவன் வெட்டு முடியல. தொரை கேட்டா நான் என்ன சொல்ல?”

“ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. வந்து அவரு தலையப் புடிக்கட்டும், இவன அனுப்பிடுறேன்.”

“வெளையாடாதீங்க.”

“நானா வெளையாடுறேன்? இவன் பேரு இன்னிக்கு விழணும் கங்காணி. விழலன்னா, உனக்குப் பல்லு வலிக்கிற அன்னிக்குத் தனியா வா. நானும் தனியாத்தான் இருப்பேன்.”

ஐயாசாமி குறட்டைப் பார்த்தான். கருப்பாயியின் கன்னத்தை அவனும் பார்த்திருந்தான். நாக்கு அவன் அறியாமலே கடைவாய்ப் பக்கம் போனது.

“மிச்ச மரத்த வேற ஆள் வெட்டட்டும்” என்றான். “பேர் விழும். போடா அர்ச்சுனா.”