சேவல் கொண்டையில் ஒரு மஞ்சள் தடம்

நாற்பத்தெட்டு வயதில் மனிதர்கள் சீனி வியாதிக்கு மருந்து எடுப்பார்கள், காலையில் நடப்பார்கள், சாமி கும்பிடக் கூடுதலாகப் போவார்கள். நான் கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை, பல்கலைக்கழகத்தில் முறைப்படி பதிந்துகொண்டு பிடுங்கினேன்.

ஆராய்ச்சியின் கேள்வி எளிதானது. இலங்கையில் மட்டுமே இருக்கும் காட்டுக்கோழி, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களில் திரியும் வீட்டுக் கோழியோடு கலந்திருக்கிறதா, கலந்திருந்தால் எவ்வளவு? இறகின் அடியில் ஒட்டிவரும் துளிச் சதையில் அதற்கான பதில் இருக்கிறது. அதை ஆய்வுகூடத்துக்காரர்கள் பார்த்துச் சொல்வார்கள். என் பங்கு, வாரக்கடைசியில் பதுளையிலிருந்து பஸ் ஏறி, லயம் லயமாகப் போய், கோழியைப் பிடித்து, கொண்டை, தொண்டை, கால் இவற்றின் நிறத்தைக் குறித்து, இரண்டு இறகு பிடுங்கி உறையில் போடுவது. இதற்கு உயிரியல் ஆசிரியராக இருபது வருட அனுபவம் தேவையில்லை. ஒரு நல்ல கீரிப்பிள்ளை போதும்.

என் மேற்பார்வையாளர் சிங்களப் பெண், கலாநிதி, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை சேர் என்பார். இருவரும் மாறி மாறி மரியாதை கொடுத்ததில் ஆராய்ச்சி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அனுப்பிய உறைகளுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: வீட்டுக் கோழி. எனக்கு இரண்டு முறை காலநீடிப்புக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்த கடிதம், வருட முடிவுக்குள் துறைக் கருத்தரங்கில் காட்டும்படியாக ஏதாவது இல்லாவிட்டால் பதிவு ரத்து என்று மிக நாகரிகமாகச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னை முன்கூட்டியே 'டொக்டர்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதை நானேதான் தொடக்கிவைத்தேன் என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில் பூனாகலைத் தோட்டத்தில் அந்தச் சேவலைக் கண்டேன். மேல் லயத்துக் கடைசி வீட்டு விறகுக் குவியலின் மேல், மூடுபனிக்குள், அது யாரையோ பேட்டி காண வந்ததுபோல் நின்றது. கழுத்து ஆரஞ்சு. கொண்டை சிவப்பு. கொண்டையின் நடுவில் மஞ்சள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: நம் காட்டுச் சேவலுக்குத்தான் சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும். வீட்டுச் சேவலுக்கு இருக்காது. என் நெஞ்சு படபடத்த சத்தத்தில் சேவல் கூரைக்கு ஏறிவிட்டது. கைத்தொலைபேசியில் மூன்று படம் எடுத்தேன். ஒன்றில் விறகு, ஒன்றில் என் விரல், ஒன்றில் சேவல். பஸ் தரிப்பிடத்தில் சிக்னல் கிடைத்ததும் மேடத்துக்கு அனுப்பினேன். கீழே ஒரே வரி: "கலப்பினம் கிடைத்துவிட்டது." 'போலத் தெரிகிறது' என்று இரண்டு சொல் சேர்த்திருக்கலாம். அந்தக் குளிரில் அவ்வளவு சிக்கனம்.

பண்டாரவளை போய்ச் சேருவதற்குள் பதில் வந்தது. படத்தை அடுத்த மாதம் வெளிநாட்டில் பேசப்போகும் உரையில் சேர்த்துவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை இரத்த மாதிரி எடுக்க அவரே வருகிறாராம். துறைத்தலைவருக்கும் சொல்லிவிட்டாராம். என் பதிவு பிழைத்தது என்று ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தார்.

மறுநாள் காலை சேவலின் சொந்தக்காரியைப் பார்க்கப் போனேன். கொழுந்து எடுக்கும் அக்கா. அவருடைய மகள் என்னிடம் படித்தவள், இப்போது குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். நான் உறையையும் கையுறையையும் வெளியே எடுத்ததும் அக்கா சேவலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"அதுல கை வைக்காதீங்க சேர். முனியாண்டிக்கு விட்டது."

"ரெண்டே ரெண்டு எறகுக்கா."

"நீங்க ரெண்டுன்னு சொல்லுவீங்க. சாமி எண்ணிப் பாத்தா?"

மகள் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று நேர்ந்து விட்டிருக்கிறார். அவள் வந்து இறங்குகிற அன்றுதான் சேவலை அறுப்பார்கள். அதுவரை அதன் உடம்பில் ஒரு குறை வரக்கூடாது; குறை வந்தால் சாமி ஏற்காது. மகள் எப்போது வருவாள் என்று கேட்டேன். இன்னும் ஒன்றரை வருடம். என் பதிவுக்கு இருந்தது இரண்டு மாதம். முனியாண்டிக்கு இருக்கிற பொறுமை பல்கலைக்கழகப் பதிவாளருக்கு இல்லை என்பதை அக்காவுக்கு எப்படி விளக்குவது?

கடைசியில் என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. தானாக விழுகிற இறகு சாமிக்குச் சேராது, அதை நான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

பாடசாலை விடுமுறை வாரம் அது. திங்கள் முதல் ஒரு சேவலின் பின்னால் திரிந்தேன். அது குப்பை கிளறினால் நானும் குனிந்தேன். அது வேலி தாண்டினால் நான் சுற்றிப்போனேன். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள், சேர் இன்றைக்கு முட்டை வைத்தாரா என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டு போனார்கள். சேவல் சிறகை விரித்துச் சோம்பல் முறிக்கும்போதெல்லாம் நான் இரண்டு கையையும் ஏந்தினேன். அந்த ஆண்டவனிடம்கூட நான் அப்படி ஏந்தியதில்லை.

இறகு விழவில்லை. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. செவ்வாய்க்கிழமை கொண்டையின் மஞ்சள் கொஞ்சம் மங்கியது. புதன் இன்னும் மங்கியது. வியாழன் மழை, மஞ்சளே இல்லை. நான் பின்தொடர்ந்து பின்தொடர்ந்து சேவலுக்கு நோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். குறிப்புப் புத்தகத்தில் அன்று எழுதியதை மறைக்காமல் தருகிறேன்: "மஞ்சள் குறைவு. மன அழுத்தம் காரணமா?" யாருடைய மன அழுத்தம் என்று எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை நெஞ்சுவலி மாதிரி இருந்ததால் பகலில் போகவில்லை. அந்தியில் தாங்கமுடியாமல் போய்ப் பார்த்தால், சேவல் அதே விறகுக் குவியலில், கொண்டையின் நடுவில் பளிச்சென்று மஞ்சள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே மேடத்துக்கு இரண்டாவது செய்தி: இந்தக் கலப்பினத்தின் கொண்டை நிறம் சில நாட்களுக்குள் மாறக்கூடியது, உலகில் யாரும் பதிவு செய்யாததாக இருக்கலாம். மேடம் மூன்று ஆச்சரியக்குறி அனுப்பினார்.

சனிக்கிழமை குளிர்பெட்டியோடு வந்து இறங்கினார். இரத்தம் எடுக்க முடியாது என்று வழியிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, முதலில் பார்ப்போம் என்றார். சேவலைப் பக்கத்தில் பார்த்ததும் அவர் முகத்தில் லேசாக ஒரு கேள்வி வந்தது. அந்த மஞ்சள் எப்போதிலிருந்து இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள் என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். நான் தமிழில் கேட்டேன்.

அக்கா சாதாரணமாகச் சொன்னார். "அதா? நாந்தானே வைக்கிறேன். நேந்து விட்டதுல்ல, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம ஒரு பொட்டு மஞ்சத்தூள் கொழைச்சு."

வெளிநாட்டு உரை, துறைத்தலைவர், பதிவு, 'டொக்டர்' எல்லாம் வரிசையாக மலையிறங்கிப் போவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று மேடம் கேட்டார்.

நான் நல்லவன் என்றுதான் நாற்பத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணத்தில் என் மூளைக்கு ஓடியது ஒன்றுதான்: இங்கே இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன். சிங்களத்தில் தொடங்கினேன். இது ஒரு பழைய விஷயம் என்கிறார், வாரத்துக்கு வாரம் வருமாம், இந்தப் பக்கத்துச் சேவல்களில் சில சமயம்...

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். பதுளை டவுனில் ஒரு சிங்கள வீட்டில் ஆறு வருடம் சமைத்தவர் என்பதை அவர் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பெருவிரலை நீட்டிக் காட்டினார். நகமெல்லாம் மஞ்சள். "கஹ, மிஸ். கஹ." அது சிங்களத்தில் மஞ்சள். பிறகு என் பக்கம் திரும்பி, "சேர் வேதக்காரர்தானே, அதான் வெளங்கல" என்று என்னைக் காப்பாற்றவும் பார்த்தார்.

வேதக்காரன்தான், ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவன். ஆனால் சின்ன வயதில் நான் வளர்ந்த தோட்டத்தில் மேல் லயத்துப் பூசைக்கு வருடம் தவறாமல் போயிருக்கிறேன். கறிச்சோறு பரிமாறுகிற நேரத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் நடப்பதைப் பார்த்திருந்தால் விலங்கியலுக்கு எவ்வளவோ நல்லது.

மேடம் விறகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். அப்போது சேவல் சிறகை அடித்துக்கொண்டு இறங்கியது. ஒரு இறகு விழுந்தது. ஐந்து நாள் கையேந்திய நான் அசையவில்லை. மேடம்தான் எழுந்து எடுத்து உறையில் போட்டு, திகதி எழுதினார். (பிறகு பதில் வந்தது. வீட்டுக் கோழி.)

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது அதைவிட மோசம்: என் குறிப்புப் புத்தகத்தில் இதுவரை எத்தனை கொண்டைக்கு மஞ்சள் என்று எழுதியிருக்கிறேன்? தேடிப் பார்த்தேன். லேசான மஞ்சள், சந்தேகம் என்று நான்கு. அவற்றின் உறைகளும் இன்னும் ஆய்வுகூடத்துக்குப் போகாமல் என் அலுமாரியில்தான் கிடந்தன. நான்கையும் திரும்பப் போய் ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்து, புதிதாக இறகு எடுத்து வரச்சொன்னார். அதை முறைப்பிழைத் திருத்தம் என்று எழுதிக்கொடுத்தால் கடைசியாக நான்கு மாதம் வாங்கலாமாம். கைத்தொலைபேசியைத் திறந்து தன் உரையிலிருந்து அந்தப் படத்தை எடுக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் பொய்யாக மொழிபெயர்க்கத் தொடங்கியதை அவர் கவனித்தாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

ஒரு சட்டிப் பஞ்சோடு கிளம்பினேன். முதல் மூன்றும் துடைத்ததும் போய்விட்டன, மூன்றும் நேர்ந்துவிட்டவை. நான்காவது, பெரகல சந்திக்குக் கீழே, காட்டோரத் தோட்டத்தில் ஒரு கட்டைச் சேவல். துடைத்தேன். பஞ்சில் அழுக்கு மட்டும் வந்தது. இன்னொரு பஞ்சு. அதிலும் அழுக்கு. சவர்க்காரம் கேட்டேன். சேவல் என் கையைக் கொத்தியது. மஞ்சள் இருந்த இடத்திலேயே இருந்தது.

சாமிக்கு விட்டதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இந்தச் சனியனயா?" என்றார். "சாமிக்குக் குடுக்கிற மாதிரியா இது இருக்கு?"

இரண்டு இறகு பிடுங்கி, உறையில் போட்டு, வழக்கமான பட்டியலில் வழக்கமான இலக்கத்தோடு அனுப்பினேன். மேடத்துக்குச் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. ஆறு கிழமையில் முடிவு வரும். மூன்று கிழமை போய்விட்டது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரகல போய், அந்தச் சேவல் உயிரோடு இருக்கிறதா என்று தூரத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன். வீட்டுக்காரர் போன வாரம் முதல் அதை உள்ளே கட்டிவைத்து, வாசலில் நாயையும் விட்டிருக்கிறார். ஒரு சேர் கோழி திருட நோட்டம் பார்க்கிறார் என்று அவர் சந்தியில் சொல்லியிருக்கிறாராம்.