திண்டிவனம் மேம்பாலத்தடியில் ஒரு தணிக்கைச் சிங்கம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தொழிலின் முதல் ஒழுங்குமீறலை, அந்தத் தொழிலுக்குள் கால் வைப்பதற்கு முன்பே நான் செய்து முடித்துவிட்டேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. ப்ரூஃப் பார்த்துத் திருத்தம் போட்டவனே நான்தான்.

இப்போது விழுப்புரத்தில் சின்னதாக ஓர் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறேன். என்னிடம் ஆர்ட்டிகிள்ஸ் என்கிற தொழிற்பயிற்சி பண்ணும் பிள்ளைகள், "ஃபைனல் பாஸ் பண்ணிட்டா ஆடிட்டர்தானே சார்?" என்று அடிக்கடி கேட்பார்கள். இல்லை, கண்ணுகளா. பரீட்சை பாஸ் பண்ணினால் நீங்கள் பரீட்சை பாஸ் பண்ணியவர், அவ்வளவுதான். அப்புறம் சிஏ இன்ஸ்டிடியூட்டில் விண்ணப்பம் போட்டு மெம்பர்ஷிப் நம்பர் வாங்க வேண்டும். தனியாக ஆபீஸ் போட வேண்டுமென்றால் அதற்கு வேறு ஒரு சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். ரிசல்ட்டுக்கும் நம்பருக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில வாரங்களில் ஒரு மனிதன் எவ்வளவு கோமாளித்தனம் பண்ண முடியும் என்பதை அளந்து பார்த்தவன் நான்.

1. சிங்கம் பிறந்தது

சிஏ ஃபைனலில் ஐந்து தடவை கவிழ்ந்தேன். திண்டிவனத்தில் எங்கள் தெரு டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் டீ கொடுப்பதற்கு முன்னால், "இன்னாப்பா, இன்னுமா படிச்சிக்கினு இருக்க?" என்பார். ஆறாவது தடவை ரிசல்ட் வந்த அன்று வெப்சைட் அரைமணி நேரம் சுற்றியது. அப்புறம் 'பாஸ்' என்று காட்டியது. நம்பவில்லை. ரோல் நம்பரை மறுபடி அடித்துப் பார்த்தேன். மூன்றாவது முறையும் பாஸ். நான்காவது முறை அடிக்கப் பயமாக இருந்தது, மனசு மாறிவிட்டால்?

கேளுங்கள் கூத்தை. என்னைக் கரையேற்றியது ஆடிட் பேப்பர். அதில் ஒரு கேள்வி: ஒரு சிஏ தன் சேவையைப் பற்றி ஊரில் விளம்பரப் பலகை வைக்கிறார், இது சரியா? ஒன்றரைப் பக்கத்துக்கு விளாசியிருந்தேன். விளம்பரம் கூடாது, வாடிக்கையாளரைத் தேடிப்போய்க் கூப்பிடக் கூடாது, மெம்பர் ஆகாதவன் பெயருக்கு முன்னால் சிஏ போடக் கூடாது. அடிக்கோடெல்லாம் போட்டு எழுதினேன்.

ரிசல்ட் வந்த சாயங்காலமே சேகர் மாமா போன் பண்ணினார். மாமாவுக்கு மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி. "மாப்ளே, கோட்டு போட்ட போட்டோ ஒண்ணு அனுப்பு, ஜல்தி!"

ஸ்டுடியோவில் இரவல் கோட்டு மாட்டி எடுத்த போட்டோவை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பேனர் டிசைன் என் போனுக்கு வந்தது. 'தணிக்கைச் சிங்கமே! தொடரட்டும் உன் வேட்டை!' நடுவில் நான், பக்கத்தில் என்னைவிடப் பெரிதாக மாமா, கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள், தவழும் குழந்தைகள் உட்பட.

இரண்டு திருத்தம் சொன்னேன். ஒன்று, பெயருக்கு முன்னால் சிஏ விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னேன்.

"கீழ எடம் சும்மா கெடக்குது மாப்ளே, இன்னா போடலாம்?"

அதுதான் இரண்டாவது. "வருமான வரி, ஜிஎஸ்டி, ஆடிட்டுக்கு அணுகவும்னு போட்டு என் செல் நம்பர் போட்டுடுங்க மாமா."

ஒன்றரைப் பக்கம் எழுதிய அதே கைதான் இதையும் டைப் அடித்தது.

2. பஸ் ஜன்னல்

நான் ஆர்ட்டிகிள்ஸ் பண்ணியது விழுப்புரத்தில், ஆடிட்டர் கலைச்செல்வி மேடத்திடம். மூன்று வருஷம் தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் போய் வந்தேன். மேடம் வார்த்தைகளை ரேஷனில் வாங்குகிறவர் மாதிரிப் பேசுவார். என் மெம்பர்ஷிப் விண்ணப்பத்தோடு போகிற தாள்களை அவர்தான் கையெழுத்துப் போட்டு அட்டெஸ்ட் பண்ண வேண்டும். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன்.

"எங்க இருக்க?"

"வீட்டுல மேடம். வணக்கம் மேடம்."

"சென்னைக்குப் போறேன். பஸ் திண்டிவனம் மேம்பாலத்தடியில நிக்குது. எதிர்ல நீ நிக்கிற."

"இல்ல மேடம், நான் வீட்டுலதான்..."

"பதினஞ்சடி உயரத்துல. கோட்டு போட்டுக்கிட்டு."

வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

"கீழ ஒரு நம்பர் இருக்கு. அதைப் பார்த்துதான் இப்ப அடிச்சேன்."

"மேடம்..."

"திங்கக்கிழமை கையெழுத்து கேட்டிருந்தல்ல?"

"ஆமா மேடம்."

"ம்," என்றார். லைன் போய்விட்டது.

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று பாடப் புத்தகத்தில் இல்லை. மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் விண்ணப்பம் நகராது. போட்டாலும், எவனாவது அந்தப் பேனரைப் படம் பிடித்துப் புகார் அனுப்பினால் ஆறு அட்டெம்ப்ட்டும் மூன்று வருஷ ரயிலும் அதே மேம்பாலத்தடியில் தொங்கும். வாய் கொப்பளிக்காமல் மண்டிக்கு ஓடினேன்.

"மாமா, பேனர இறக்கணும்!"

"ஏன், எழுத்து தப்பாயிடுச்சா?"

"நானே தப்பாயிட்டேன் மாமா. எங்க தொழில்ல விளம்பரமே கூடாது."

"காது குத்துக்கு வெக்கிறான், பூப்புக்கு வெக்கிறான். ஆறு வாட்டி எழுதி பாஸ் பண்ணவனுக்கு வெச்சா குத்தமா? இன்னா பேஜாரு புடிச்ச படிப்புடா இது!" மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நீ பாஸ் பண்ணத நான் யார்கிட்டயும் சொல்லிக்கக் கூடாதா?"

"சொல்லலாம் மாமா. பதினஞ்சடி உயரத்துல சொல்லக் கூடாது."

பேனர் கட்டினவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். நானே ஏறினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சவுக்குக் கழியில் கால் வைத்து, பட்டப்பகலில், பஸ்ஸுக்கு நிற்கும் அத்தனை ஜனத்துக்கும் நடுவில். கயிற்று முடிச்சு என் படத்தின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. என் மூக்கருகே நானே தொங்கிக்கொண்டிருந்தேன்.

கீழே ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "சார், படத்துல கீறது நீதான? எங்க மச்சானுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்துக்கீது, இன்னா பண்றது?"

"நான் இன்னும் ஆடிட்டர் ஆகலைங்க!"

"சரி, எறங்கி வந்து ஆவு. நிக்கிறேன்."

நிஜமாகவே நின்றார். விளம்பரம் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தடை செய்து வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

3. எவிடன்ஸ்

திங்கட்கிழமை மேடத்தின் முன்னால் நின்றேன்.

"இறக்கிட்டேன் மேடம்."

"எவிடன்ஸ்?"

போனில் பேனர் இல்லாத காலிச் சட்டத்தின் படத்தைக் காட்டினேன்.

"எந்த ஊர் சட்டம் இது?"

இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். பேனரையே சுருட்டி பஸ்ஸில் கொண்டு வந்திருந்தேன். ஆபீஸ் தரையில் விரித்தேன். பாதிச் சிங்கம் மேஜைக்கு அடியில் போய்விட்டது. ஜூனியர் பிள்ளைகள் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். மேடம் மட்டும் ஸ்டாக் சரிபார்க்கிற முகத்தோடு சுற்றி வந்தார்.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் மேடம்."

"யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். ஸ்பீக்கரில் மாமாவைப் பிடித்தேன். "மாமா, மொத்தம் எத்தன பேனர் அடிச்சீங்க?"

"மூணு மாப்ளே! ஒண்ணு சந்தையாண்ட கட்டலாம்னு மண்டியிலயே கீது. இன்னொண்ண மண்டகப்பட்டு அத்த வாங்கினு போயிடுச்சி."

மேடம் பேனா மூடியைப் போட்டு மூடினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

4. மண்டகப்பட்டுக் கிளை

அத்தை வீட்டு வாசலில் பேனர் இல்லை. அப்பாடா என்று களத்துப் பக்கம் திரும்பினேன். மல்லாட்டைக் குவியல் மேல் நான் மல்லாந்து கிடந்தேன். நாலு மூலையிலும் கல். வயிற்றின் மேல் ஒரு கோழி.

"அத்தை, இத எனக்குக் குடுத்துடுங்க."

"ஏன்டா மருமவனே, உன் மூஞ்சி ஒண்ணுத்துக்காவது ஒதவுதேன்னு நெனச்சேன். மழ வந்தா நீ வந்து குட புடிப்பியா?"

"இத எடுக்கலன்னா எனக்கு லைசென்ஸ் கிடைக்காது அத்தை."

அத்தை குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எது முக்கியம் என்று முடிவு பண்ண அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை நான் மறக்கமாட்டேன். "தார்பாய் வாங்கினு வா. அப்பறம் எடுத்துக்கினு போ."

அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கண்டமங்கலம் ரோட்டுக் கடைவரை இரவல் சைக்கிளில் போய்த் தார்பாய் வாங்கி வந்தேன். குவியலை மூடிக் கல் வைத்துக் கொடுத்தபிறகுதான் அத்தை என்னை என்னிடம் ஒப்படைத்தார்.

மண்டியில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் மூன்று சுருளையும் மேடத்தின் மேஜையில் வைத்தேன். எண்ணினார். ஒன்றை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார், கோழி வாடை. அப்புறம் பேனாவைத் திறந்து, கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுச் சீல் குத்தினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

சில வாரங்களில் மெம்பர்ஷிப் நம்பர் வந்தது. அப்புறம் தொழில் சர்டிஃபிகேட்டும் வந்தது. நான் கற்றுக்கொண்டது இதுதான்: பரீட்சையில் விதியை எழுதுவது தாளை நிரப்ப. அந்த விதி எதற்கு என்பது, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருக்கும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் உங்கள் ஊர் ஜனம் உங்கள்மேல் வைத்திருக்கிற பாசத்தையும் எண்ணிச் சரிபாருங்கள். ஒன்று என்று நினைத்தால் மூன்று இருக்கும்.

நம்பர் வந்த அன்று ஸ்வீட் பாக்ஸோடு மேடத்தைப் பார்க்கப் போனேன். இப்போது நானும் மெம்பர் என்கிற தைரியம். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மேடம், நீங்க பாஸ் பண்ணப்ப உங்க வீட்டுல யாரும் பேனர் வைக்கலையா?"

"எங்க ஊரு கண்டாச்சிபுரத்துல ரெண்டு."